ஸ்டார்ட்டிங் ட்ரபிள்: குளிரும் டீசலும் போட்ட நூறு வருடச் சண்டை

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. இது பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம்தான். பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கிக் கொடுத்ததோடு அதை நாம் மறந்தும் போயிருப்போம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரிய வரலாறு ஒளிந்திருக்கிறது. தீப்பொறி இல்லை என்றால் தீ எங்கிருந்து வரும்? காற்றை அழுத்துவதால் வரும் சூட்டிலிருந்து. சரி, அந்தக் காற்றே மைனஸ் 20 டிகிரியில் இருந்தால்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நூறு வருடத்துக்கு மேலாக என்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நமக்கு இது பெரிய கவலை இல்லை. நம்மூரில் மார்கழிக் குளிரிலும் லாரி ஒன்றிரண்டு முறை உறுமிவிட்டுக் கிளம்பிவிடும். ஆனால் வடக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ரஷ்யாவிலும் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு குளிர்காலக் காலையும் ஒரு பரீட்சை. இதில் டெக்னிக்கல் விஷயம் மட்டும் இல்லை, பண விஷயமும் இருக்கிறது. அதனால்தான் காமர்ஸ் படிக்கிற நான் இதற்குள் மூக்கை நுழைத்தேன்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும், அவ்வளவுதான் டீசல் என்ஜினின் அடிப்படை. காற்றைப் பதினேழரை மடங்கு சுருக்கும் ஒரு என்ஜினை எடுத்துக்கொள்வோம். வெளியே 27 டிகிரி செல்சியஸ் இருந்தால், எந்தச் சூடும் வெளியே போகாது என்று வைத்துக் கணக்குப் போட்டால், சிலிண்டருக்குள் சுமார் 670 டிகிரி வரும். அதில் டீசலைத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

இப்போது வெளியே மைனஸ் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் சுமார் 520 டிகிரிதான் வரும். கவனித்தீர்களா? வெளியே குறைந்தது 47 டிகிரி. உள்ளே குறைந்தது 150 டிகிரி! அதாவது குளிர் ஒரு ரூபாய் எடுத்தால் என்ஜின் மூன்று ரூபாய் இழக்கிறது.

இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் நிலைமை இன்னும் மோசம். இரும்பு முழுக்கப் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருக்கும். அழுத்தும்போது உண்டாகும் சூட்டை சிலிண்டர் சுவரே உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டியாகிவிடுவதால் ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினை மெதுவாகத்தான் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் சூடு தப்பிப் போக அதிக நேரம் கிடைக்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் காற்றும் அந்த வழியாக நழுவிவிடும். எல்லாம் சேர்ந்து, டீசல் பற்றுவதற்கு வேண்டிய சூடு கிடைக்காமல் போகிறது. என்ஜின் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கிளம்பாது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது டீசல் என்ஜினின் குறை இல்லை. அதன் பெருமையின் மறுபக்கம். எந்த உயர்ந்த அழுத்தத்தால் டீசல் சிக்கனமாக ஓடுகிறதோ, அதே அழுத்தத்தை நம்பியே அது பற்றவும் வேண்டும். ஓட ஆரம்பித்துவிட்டால் தன் சூட்டைத் தானே சம்பாதித்துக்கொள்ளும். முதல் சில நொடிகளுக்கு மட்டும் யாராவது சூட்டைக் கடனாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கடனை யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் இந்த வரலாறு.

விளக்கு வைத்துச் சூடேற்றிய காலம்

ருடால்ஃப் டீசல் 1858ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். அவருடைய காப்புரிமை 1893ல் வழங்கப்பட்டது. அதே வருடம் ஆகஸ்ட் மாதம் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில் எரிபொருள் பற்றிக்கொண்டது. அந்த வேகத்தில் அழுத்தத்தை அளக்கும் கருவியே வெடித்துச் சிதறியது. 1897ல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அதிகாரபூர்வமாகச் சோதித்தபோது எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே வேலையாக மாறியது. அன்றைய நீராவி என்ஜின்கள் கிட்டக்கூட வர முடியாத எண் அது.

ஆனால் அந்த என்ஜின் மூன்று மீட்டர் உயரம், நாலரை டன் எடை. தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருக்கும் ராட்சசன். அதைக் கிளப்ப அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார்கள். பெரிய கப்பல் என்ஜின்களை இன்றைக்கும் அப்படித்தான் கிளப்புகிறார்கள். கட்டடத்துக்குள் இருக்கும் என்ஜினுக்குக் குளிர் பெரிய எதிரி இல்லை.

டீசலுக்கு முன்பே இங்கிலாந்தில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்பவர் வேறு வழியில் போயிருந்தார். அவருடைய 1890 காப்புரிமையை வைத்து ஹார்ன்ஸ்பி கம்பெனி 1892 முதல் என்ஜின் விற்றது. அதில் அழுத்தம் குறைவு. அதனால் சிலிண்டரின் தலையில் ஒரு இரும்புக் குமிழ் வைத்தார்கள். கிளப்புவதற்கு முன் அந்தக் குமிழை வெளியிலிருந்து புளோ லேம்ப் வைத்துச் சூடேற்ற வேண்டும். பத்து நிமிஷமோ கால் மணி நேரமோ ஆகும். குமிழ் நன்றாகச் சூடானதும் சக்கரத்தைச் சுற்றினால் என்ஜின் கிளம்பும். பிறகு குமிழைத் தன் சூட்டிலேயே வைத்துக்கொள்ளும்.

இந்த வகையில் பெரும் புகழ் பெற்றது ஜெர்மனியின் லான்ஸ் புல்டாக் டிராக்டர். 1921ல் ஃபிரிட்ஸ் ஹூபர் வடிவமைத்தது. ஒற்றை சிலிண்டர், 12 குதிரைத்திறன். அதை ஸ்டார்ட் செய்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். முதலில் மூக்குப் பகுதியில் புளோ லேம்பைக் கொளுத்தி வைக்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்கை அதன் தண்டோடு கழற்றி, பக்கவாட்டில் இருக்கும் ஃபிளைவீலில் செருகி, அதையே கைப்பிடியாகப் பிடித்து ஆட்ட வேண்டும். கிளம்பியதும் ஸ்டியரிங்கைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும்!

சிரிப்பு வந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். சூட்டை வெளியே இருந்து கடன் கொடுப்பது என்ற யோசனை இங்கேயே வந்துவிட்டது. இதற்குப் பிறகு வந்ததெல்லாம் இந்த புளோ லேம்பின் பேரன் பேத்திகள்தான்.

டீசல் லாரி ஏறிய கதை

ருடால்ஃப் டீசல் தன் என்ஜின் லாரியில் ஓடுவதைப் பார்க்கவில்லை. 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் போன கப்பலில் இருந்து காணாமல் போனார். பிறகு கடலில் சடலம் கிடைத்தது. அதற்கு நாலு வருடம் முன்பே, 1909ல், பென்ஸ் கம்பெனியின் புராஸ்பர் லோராஞ்ச் ஒரு முக்கியமான காப்புரிமை வாங்கியிருந்தார். சிலிண்டருக்கு மேலே ஒரு சின்ன அறை. டீசல் முதலில் அந்த அறைக்குள் பாய்ந்து, கொஞ்சம் எரிந்து, அந்த வேகத்தில் சிலிண்டருக்குள் வந்து முழுசாக எரியும். என்ஜின் மென்மையாக ஓடியது, அளவும் சிறியதானது. இதை வைத்துத்தான் 1923ல் பென்ஸ் 5 டன் லாரியில் சுமார் 50 குதிரைத்திறன் டீசல் என்ஜினைப் பொருத்தியது. அடுத்த வருடமே மேன் கம்பெனியின் டீசல் லாரியும் வந்தது. 1927ல் பாஷ் கம்பெனி டீசல் பம்பை மொத்தமாகத் தயாரிக்க ஆரம்பித்ததும் எல்லாக் கம்பெனிகளும் டீசல் லாரி செய்யலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் அந்தச் சின்ன அறையில் ஒரு சிக்கல். அறை என்றால் சுவர் அதிகம். சுவர் அதிகம் என்றால் சூட்டை உறிஞ்சும் இரும்பும் அதிகம். குளிர்ந்த என்ஜினில் அந்த அறைக்குள் டீசல் பற்றவே பற்றாது. அதற்குப் பதிலாக வந்ததுதான் குளோ பிளக். நம்மூர் மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்பார்கள். பேட்டரி கரண்டில் சிவக்கச் சிவக்கப் பழுக்கும் ஒரு சின்னக் கம்பி. புளோ லேம்பின் வேலையை வண்டிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

1936ல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி வந்தபோது டீசல் காருக்கும் வந்துவிட்டது. காரில் உட்கார்ந்து, பிளக் பழுக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் கிளப்ப வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு ஜெர்மானியர்கள் வைத்த கேலிப் பெயர் "ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்". தலைவர்களுக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோமே, அது மாதிரி!

இங்கே ஒரு சின்ன விஷயம், பின்னால் தேவைப்படும். பழைய குளோ பிளக்குகளைத் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்திருந்தார்கள். கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி. ஒன்று போனால் எல்லாம் போய்விடும், வண்டி கிளம்பாது, உடனே தெரிந்துவிடும். பிறகு வந்த பென்சில் வடிவப் பிளக்குகள் இணையாக இணைக்கப்பட்டன. ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்யும். இது முன்னேற்றம்தான். ஆனால் எட்டில் இரண்டு மூன்று செத்துப் போயிருந்தாலும் வெயில் காலம் முழுக்க யாருக்கும் தெரியாது. குறை மறைந்துகொள்ள ஒரு இடம் கிடைத்துவிட்டது.

குட்டி என்ஜினும் உலகப் போரும்

அமெரிக்காவின் கேட்டர்பில்லர் வேறு வழி கண்டுபிடித்தது. 1931ல் வந்த அவர்களின் முதல் டீசல் டிராக்டரில், பெரிய என்ஜினைக் கிளப்புவதற்கென்றே இரண்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் ஒன்று இருந்தது. குட்டிக் குதிரை என்ற அர்த்தத்தில் அதைப் போனி மோட்டார் என்றார்கள். முதலில் குட்டியைக் கையால் கிளப்புவார்கள். குட்டியும் பெரியதும் ஒரே குளிர்நீரைப் பகிர்ந்துகொண்டதால் குட்டி ஓட ஓடப் பெரியது கதகதப்பாகும். பிறகு குட்டி பெரியதைச் சுற்றிவிடும். பேட்டரியே வேண்டாம். அவசரமும் வேண்டாம். பல வருடங்கள் இந்த முறை ஓடியது.

1941ன் ரஷ்யக் குளிர்காலம் இன்னொரு பாடம் நடத்தியது. சோவியத்தின் டி-34 டாங்கியில் இருந்தது டீசல் என்ஜின். எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கைவிட்டால் பயன்படுத்த, முன்பக்கம் அழுத்தக் காற்று சிலிண்டர்கள் வைத்திருந்தார்கள். ருடால்ஃப் டீசல் காலத்து முறை டாங்கிக்குள் வந்துவிட்டது. எதிரே நின்ற ஜெர்மன் டாங்கிகளில் பெட்ரோல் என்ஜின், ஸ்பார்க் பிளக் எல்லாம் இருந்தது. அப்படியும் அவை கிளம்ப மறுத்தன. வீரர்கள் என்ஜினுக்கு அடியில் தீ மூட்டி உட்கார்ந்தார்கள். ஏன்? குளிர் தீப்பொறியை மட்டும் எதிர்க்கவில்லை. ஆயிலைக் கெட்டியாக்கியது, பேட்டரியைச் சாகடித்தது. பிற்பாடு ஜெர்மானியர்கள் ஒரு டாங்கியின் சூடான குளிர்நீரைக் குழாய் வழியாக இன்னொரு டாங்கிக்கு மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கடன் என்று சொன்னேன் அல்லவா, இது நிஜமாகவே கைமாற்று!

பேட்டரி, ஆயில், மெழுகு

போருக்குப் பிறகு டீசல் லாரிகள் உலகம் முழுக்கப் பெருகின. குளிரில் வண்டி நிற்பதற்குக் காரணம் ஒன்று இல்லை, ஒரு கூட்டம் என்பது தெளிவானது.

முதல் ஆள் பேட்டரி. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை, குளிர்ந்தால் மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் அது கொடுக்கும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் கெட்டியான ஆயிலால் என்ஜின் இரண்டு பங்கு பலம் கேட்கும். வருமானம் பாதி, செலவு இரட்டிப்பு! அதனால்தான் குளிர் நாட்டில் பேட்டரி வாங்கும்போது, மைனஸ் 18ல் 30 நொடி எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்ற எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். பெரிய டீசல் பிக்கப்புகளில் இரண்டு பேட்டரி இருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது ஆள் ஆயில். டப்பாவில் 15டபிள்யூ-40 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த டபிள்யூ எழுத்துக்குக் குளிர்காலம் என்று அர்த்தம். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் இளகி ஓடும்.

மூன்றாவது ஆள் டீசலேதான். டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவது போல, குளிரில் டீசலில் உள்ள மெழுகு துகள் துகளாகப் பிரியும். முதலில் கலங்கும், பிறகு ஃபில்டரை அடைக்கும், கடைசியில் கூழாகிவிடும். அமெரிக்காவில் வழக்கமாக விற்கும் நம்பர் 2 டீசலோடு, மெழுகு குறைந்த நம்பர் 1 டீசலைக் குளிர்காலத்தில் கலக்கிறார்கள். தெற்கே டெக்ஸாஸில் டாங்கை நிரப்பிக்கொண்டு வடக்கே போன வண்டி, என்ஜினில் ஒரு குறையும் இல்லாமலே நின்றுவிடலாம். நம் நாட்டிலும் லடாக்கில் இந்தப் பிரச்சினை உண்டு. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது.

இந்த மூவரையும் சமாளிக்க வந்த எளிய வழி பிளாக் ஹீட்டர். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமேன் 1949ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். என்ஜினுக்குள் ஒரு சின்ன மின் ஹீட்டர். ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு, ஒயரை இழுத்து வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் செருகிவிட வேண்டும். காலையில் என்ஜின் கதகதப்பாக இருக்கும். இன்றைக்கும் கனடாவில், அலாஸ்காவில் வண்டிகளின் முன்பக்கம் ஒரு ஒயர் தொங்குவதைப் பார்க்கலாம். இந்த வசதி இல்லாத இடத்தில் டிரைவர்கள் ராத்திரி முழுக்க என்ஜினை அணைக்காமலே விட்டார்கள். பெரிய லாரி சும்மா நின்றபடி ஓடினாலே மணிக்கு சுமார் 3 லிட்டர் டீசல் போகும். பத்து மணி நேரத்துக்கு 30 லிட்டர். கடனுக்கு வட்டி கொஞ்சம் அதிகம்தான்.

இன்னொரு குறுக்கு வழியும் இருந்தது, ஈதர். டீசலைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் திரவம். காற்று போகும் வழியில் லேசாக அடித்தால் செத்த என்ஜினும் எழுந்து உட்காரும். ஆனால் பழுத்த குளோ பிளக் இருக்கும் என்ஜினில் அடித்தால் நேரம் தவறிப் பற்றி, பிஸ்டனை உடைத்துவிடும். இது கந்துவட்டிக் கடன்.

அமெரிக்கப் பிக்கப்புகள்

1973ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கர்களுக்குத் திடீரென்று சிக்கனம் ஞாபகம் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1978ல் ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் டீசலைக் கொண்டுவந்தது. ஹெட் போல்ட் டீசலின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரும் வைக்கவில்லை. 1985ல் அதை நிறுத்தினார்கள். அதற்குள் டீசல் என்றாலே அமெரிக்கர்கள் ஓடும் நிலை வந்துவிட்டது.

பிக்கப் டிரக்குகள்தான் டீசலின் மானத்தைக் காப்பாற்றின. 1983 மாடலில் ஃபோர்டு, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 6.9 லிட்டர் என்ஜினைப் போட்டது. 1989ல் டாட்ஜ், கம்மின்ஸின் 5.9 லிட்டர் என்ஜினோடு வந்தது. கம்மின்ஸில் அந்தச் சின்ன அறை இல்லை. டீசல் நேராக சிலிண்டருக்குள் போகும், சூடு வீணாவது குறைவு. அதனால் குளோ பிளக்கே இல்லை. உள்ளே போகும் காற்றைச் சூடேற்ற ஒரு ஹீட்டர் மட்டும். 1994ன் நடுவில் ஃபோர்டுக்கு 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வந்தது. 2003 வரை விற்றது. இன்றும் பழைய வண்டிச் சந்தையில் கிராக்கி உள்ள என்ஜின். குளிரில் அடம் பிடிப்பதற்கும் பேர் போனது. மேலே சொன்ன வரலாறு முழுக்க இந்த ஒரு என்ஜினுக்குள் அடுக்கடுக்காக இருப்பதால் இதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பழைய 7.3 குளிரில் கிளம்பவில்லை என்றால்

விலை குறைந்த காரணத்திலிருந்து விலை அதிகமான காரணத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் விதி.

முதலில் புகைக்குழாயைப் பாருங்கள். என்ஜின் சுற்றும்போது வெள்ளைப் புகை வருகிறதா? அப்படியென்றால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையா? டீசலே உள்ளே போகவில்லை. இந்த ஒரு பார்வையில் பாதித் தேடல் முடிந்துவிடும்.

அடுத்து இரண்டு பேட்டரியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று செத்திருந்தால் அது நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும். டெர்மினலில் பூத்திருக்கும் உப்பைச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கு ஒரு செலவும் இல்லை.

பிறகு ஆயில். இந்த என்ஜினில் ஆயிலுக்கு இரட்டை வேலை. டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களை இயக்குவதே உயர் அழுத்த ஆயில்தான். அந்த அழுத்தம் சுமார் 500 பி.எஸ்.ஐ. வந்தால்தான் இன்ஜெக்டர் டீசலைத் தூவும். ஆயில் குறைவாக இருந்தாலோ, குளிரில் கூழாக இருந்தாலோ அழுத்தம் ஏற நேரம் ஆகும். கடும் குளிரில் 15டபிள்யூ-40க்குப் பதில் 5டபிள்யூ-40 ஊற்றினாலே பல வண்டிகள் ஒழுங்காகிவிடும்.

பிறகு சூடு. முதலில் பிளாக் ஹீட்டரை மூன்று நாலு மணி நேரம் செருகி வைத்துப் பாருங்கள். அப்போது சுலபமாகக் கிளம்பினால் சந்தேகம் குளோ பிளக் பக்கம் திரும்ப வேண்டும். அதிலும் முதலில் ரிலே. என்ஜினின் மேலேயே இருக்கும். சாவியைப் போட்டதும் ரிலேயின் இரண்டாவது முனையில் பேட்டரி அளவுக்கு வோல்டேஜ் வர வேண்டும். வரவில்லை என்றால் ரிலேதான் குற்றவாளி, மாற்றுவது சுலபம். வந்தால் எட்டு பிளக்குகளையும் ஒவ்வொன்றாக மீட்டரில் அளக்க வேண்டும். வால்வ் கவருக்கு அடியில் உள்ள ஒயர் இணைப்பு கருகியிருப்பதும் இந்த வண்டியில் சகஜம். டேஷ்போர்டில் "ஸ்டார்ட் செய்யக் காத்திருக்கவும்" என்று எரியும் விளக்கை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு கடிகாரம் மாதிரி. எட்டு பிளக்கும் செத்திருந்தாலும் எரிந்து அணையும்.

புகையே இல்லாத வண்டி என்றால் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்: மெழுகா, பனிக்கட்டியா, வெறும் அழுக்கா? அதன் பிறகு ஆயில் அழுத்தம், கேம்ஷாஃப்ட் சென்ஸார்.

இத்தனையும் சரியாக இருந்து, அப்படியும் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு கிளம்பவில்லை என்றால் கடைசிச் சந்தேகம் கம்ப்ரஷன். ரிங் தேய்ந்த என்ஜின். இது பேட்டரியோ பிளக்கோ போல மாற்றிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. வண்டி வாங்கிய விலைக்கே செலவு வந்து நிற்கலாம்.

எலுமிச்சைப் பழமும் காலைக் குளிரும்

இப்போது காமர்ஸ் மாணவனாக ஒரு வார்த்தை. 1970ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் ஓட்டை வண்டியை "லெமன்" என்பார்கள், அதாவது எலுமிச்சம்பழம். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஒரு வித்தியாசம் சந்தையையே கெடுத்துவிடும் என்று காட்டினார். மூன்று இதழ்கள் நிராகரித்த அந்தக் கட்டுரைக்காகத்தான் 2001ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

டீசல் வண்டிக்கு இது அப்படியே பொருந்தும். சூடான என்ஜின் எதையும் காட்டிக்கொடுக்காது. தேய்ந்த ரிங், செத்த பிளக், கிழட்டு பேட்டரி எல்லாமே சூட்டில் ஒளிந்துகொள்ளும். நூறு வருடமாக நாம் கண்டுபிடித்த புளோ லேம்ப், குளோ பிளக், பிளாக் ஹீட்டர் எல்லாம் என்ஜினுக்குச் சூட்டைக் கடன் கொடுத்தன என்றேன். கடன் வாங்கி ஓட்டுகிற கம்பெனியின் உண்மை நிலை எப்போது தெரியும்? கடன் நிற்கிற அன்று. டீசல் என்ஜினுக்கு அந்த நாள் குளிர்ந்த காலை.

அதனால் பழைய டீசல் வண்டி பார்க்கப் போகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். போனதும் பானட்டைத் திறந்து என்ஜின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் பேரம் பேசலாம். கதகதப்பாக இருந்தால், பக்கத்தில் பிளாக் ஹீட்டர் ஒயர் சுவரில் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இது நம்மூரில் செகண்ட் ஹேண்ட் லாரியோ டிராக்டரோ வாங்குகிறவருக்கும் சேர்த்துத்தான். நம் குளிர் குறைவாக இருக்கலாம். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் காலையில் முதல் தடவை எப்படிக் கிளம்புகிறது என்பது எந்த ஊரிலும் பொய் சொல்வதில்லை.